காசு கட்டி மலையில் கன்று நடப் போனேன்

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கன்று நடும் தொண்டு முகாமில் பத்து நாளுக்கு 45,000 ரூபாய், சாப்பாடும் படுக்கையும் அதற்குள் அடக்கம். வெளிநாட்டுக்காரருக்கு டொலரில் வேறு கணக்கு. நான் இலங்கை மலையகத்து ஹட்டன்காரன், இப்போது கொழும்புக்குப் பக்கம் வத்தளையில் வேலை. மஸ்கெலியாவுக்கு மேலே காட்டோரத்தில் கன்று நடப் போகிறேன், அதற்குக் காசு கட்டியிருக்கிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மண்ணு வெட்டுனா நமக்குத்தானேடா பேரு போடுவாங்க, நீ என்னா எதுக்கு காசு கட்டுற?" என்றார். பேர் போடுவது என்றால் தோட்டத்தில் நாட்கூலி எழுதுவது. 27 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர், அவருக்கு என்ன பதில் சொல்வது?

நடத்துகிறவர்கள் யார் என்று எழுதப் போவதில்லை. குறை கொஞ்சம் சொல்ல இருக்கிறது, அங்கே வேலை செய்யும் ஆட்களுக்கு அது சங்கடம். வேலை இதுதான்: சிவனொளிபாதமலைக் காட்டிலிருந்து இறங்கிவரும் ஓடையின் இரண்டு கரையிலும், தேயிலை கைவிடப்பட்டு மானாப்புல் ஏறிப்போன நிலத்தில் பழையபடி காட்டு மரங்களை வைத்து, துண்டு துண்டாகக் கிடக்கும் காட்டை ஓடை வழியாகத் தொடுக்க வேண்டும். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டில் இந்தக் காடும் ஒரு பகுதி. ஆனால் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் லயமும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) பீலியும் (தண்ணீர் பிடிக்கும் இடம்) மரக்கறித் தோட்டமும் தான். இங்கே ஓடும் தண்ணீர்தான் மஸ்கெலி ஓயா என்கிற ஆறு, மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தேங்கி, கீழே போய்க் களனி கங்கையாகி, கொழும்பில் குழாயைத் திறந்தால் விழுகிறது. வத்தளையில் மோட்டார் போடும்போது இதை நினைத்ததே இல்லை.

தங்கியது ஒரு பழைய கணக்கப்பிள்ளை வீட்டில். கூரை ஒரு மூலையில் ஒழுகியது, மெத்தை ஈரம், கழிவறை சுத்தம். சாப்பாடு எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும், பத்து மணிக்கு இஞ்சி போட்ட சாயத் தண்ணி. சைவக்காரர் முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் பருப்பிலும் கருவாட்டு வாசம் வரும். போனது 2025 ஜூனில். மழைக்காலத்தில்தான் நடுவார்கள் என்பதால் வேறு மாதம் கேட்டும் பிரயோசனம் இல்லை. காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைக்கு விற்கிற லோஷன் எதையும் வாங்க வேண்டாம், சவர்க்காரத்தைக் குழைத்துக் காலுறை மேல் பூசினாலே போதும்.

காசு எதற்குக் கட்டினேன் என்று எனக்கே புரிந்தது நாற்றுமேடையில்தான். அதைப் பார்த்துக்கொள்வது லயத்து அக்கா இருவர். மூத்தவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும், தேயிலைக் கன்று மேடையிலேயே பாதி வயது போனவர். காட்டு விதைக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை, கையாலேயே கண்டுபிடித்திருக்கிறார். கீன மரத்தின் விதை கல் மாதிரி ஓட்டோடு இருக்கும், அப்படியே புதைத்தால் முளைக்க மாதக்கணக்கில் எடுக்கும். அக்கா அதைப் பாக்குவெட்டியின் வாயில் வைத்து, பருப்பில் கீறல் படாமல் ஓட்டை மட்டும் 'டக்' என்று நெரிக்கிறார். நான் நெரித்த முதல் ஐந்தில் மூன்று இரண்டாகப் பிளந்துபோயின. "பாக்கு வெட்டுற மாதிரி வெட்டாதீங்க தம்பி, முட்டையைத் தட்டுற மாதிரி" என்றார். அன்று முழுக்க அந்த ஒரு வேலைதான், சாயங்காலம் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

நடுவதிலும் அப்படித்தான். பொலித்தீன் பையை நாங்கள் பிய்த்து எறிந்துவிட்டுக் கன்றைக் குழியில் இறக்கினோம். அக்கா வந்து ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார்: பையின் அடியில் வேர் வளையல் மாதிரி சுற்றிக் கிடந்தது. அந்தச் சுற்றை பிளேடால் வெட்டிவிடாமல் வைத்தால் மூன்று வருடத்தில் மரம் தன்னையே நெரித்துக்கொள்ளுமாம். அப்புறம் கழுத்தளவு மண், அதற்கு மேல் வெட்டிய மானாப்புல்லை மூடாக்காகப் போட்டு, தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறு (வெட்டிப்போட்ட கிளைக் குச்சி) ஒன்றை அடையாளத்துக்குக் குத்த வேண்டும். ஒரு நாளில் நான் நட்டது 40. அவர் எவ்வளவு என்று எண்ணவில்லை, எண்ணினால் எனக்குத்தான் வெட்கம்.

இந்த அக்காமாருக்குக் கிடைப்பது தோட்டத்து நாட்சம்பளம், அப்போதைக்கு 1350 ரூபாய். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலி, போடும் கதை இங்கே இல்லை, நல்லதுதான். ஆனால் வேலை இருக்கும் நாளுக்கு மட்டும்தான் கூலி, எங்களைப் போல ஆட்கள் வராத மாதங்களில் கைகாசு குறையும். என் 45,000இல் எவ்வளவு நாற்றுமேடைக்குப் போகிறது என்று கேட்டேன். சிரித்தார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், கணக்குக் கொடுக்கவில்லை.

எனக்குப் பிடிக்காதது கம்பி எடுக்கப் போன நாள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி, பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள்தான். வைப்பது பன்றிக்கு என்றாலும் சிறுத்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் இப்படி ஒரு கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை சிகிச்சைக்கு உடவளவை வரை கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை, மலையகத்தில் எல்லார் போனிலும் அந்தப் படம் இருந்தது. அதனால் நிஜமான ஆசையோடுதான் போனேன். இரண்டு மணித்தியாலம் ஏறி இறங்கி ஒரு கம்பியும் கிடைக்கவில்லை. கிடைக்காதது நல்ல செய்தி, அப்படியே விட்டிருக்கலாம். கூட்டிப்போன பையன் பையிலிருந்து பழைய கம்பி ஒன்றை எடுத்து, ஒரு வேரில் கட்டி, இலையைப் போட்டு, "இப்ப எல்லாரும் வந்து எடுங்க, போட்டோ" என்றான். நானும் போய் நின்றேன். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டவில்லை.

எங்களோடு வந்திருந்த ஜெர்மன்காரப் பெண் முன்பு ருவாண்டாவில், எரிமலைத் தேசியப் பூங்காவை ஒட்டிய கிராமமொன்றில் மூன்று மாதம் இதே மாதிரி வேலை செய்தவர். அங்கும் கம்பிதான் தொல்லையாம், மானுக்கு வைப்பதில் கொரில்லாக் குட்டி கையை மாட்டிக்கொள்கிறது. அந்தப் பூங்கா இருக்கும் விருங்கா மலைகளில் 1980களில் சுமார் 250 கொரில்லாதான் மிஞ்சியிருந்தன, 2016இல் முடிந்த கணக்கெடுப்பில் 604. ருவாண்டாவில் கொரில்லா பார்க்கப் போகும் வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் 1500 டொலர் வாங்குகிறார்கள், பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் நூற்றுக்குப் பத்து சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது, பள்ளிக்கூடமாக, தண்ணீர்த் தாங்கியாக. பத்து போதாது என்று அங்கேயும் சண்டைதான் என்றார் அவர். சரி, சண்டை போட அங்கே ஒரு எண்ணாவது இருக்கிறது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஏழாம் நாள் தோட்டத்து மண்டபத்தில் 'விழிப்புணர்வுக் கூட்டம்' வைத்தார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்காமல் முப்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முழுக்க ஆங்கிலம், இடையிடையே சிங்களம். கால் மணி நேரம் போனபிறகு என்னைப் பார்த்து, "நீங்க தமிழ்தானே, கொஞ்சம் மொழிபெயர்க்க முடியுமா?" என்று கேட்டார்கள். முழுக்க முழுக்கத் தமிழ் பேசுகிற தோட்டத்துக்கு வருகிறவர்கள், காசு கட்டி வந்தவனிடம் அங்கேயே கேட்கிறார்கள். மேடையில் ஏறி "கம்பி வைக்கக்கூடாது, சட்டப்படி குற்றம்" என்று நான் சொல்ல, பின்னால் இருந்த ஒரு அண்ணன் எழும்பி, "ஒரே ராத்திரியில என் கெழங்கு பாத்தி பூரா பன்னி தோண்டிருச்சி. அதுக்கு யாரு காசு குடுப்பா, நீங்க குடுப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். அதை ஆங்கிலத்தில் சொன்னேன். "நல்ல கேள்வி, குறித்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது. அதையும் தமிழில் சொல்ல வேண்டியது என் வாய்தான்.

போகலாமா என்று கேட்டால், போகலாம், சிறுத்தை பார்க்க என்று போகாதீர்கள். பத்து நாளில் நான் பார்த்தது சேற்றில் ஒரு காலடி, அதுகூட நாயுடையது என்று இளைய அக்கா சொன்னார். பதிவு செய்யும்போதே நாற்றுமேடையில் அதிக நாள் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், கூட்டத்துக்கு ஒழுங்கான மொழிபெயர்ப்பாளரை வைக்கச் சொல்லுங்கள், காசுக் கணக்கையும் கேளுங்கள். நான்கு பேர் கேட்டால் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் இரண்டரை அக்காமாருக்கு.

நான் நட்ட வரிசைக்கு மூத்த அக்கா தன் பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சிவப்பாகக் கட்டி வைத்திருந்தார். ஐப்பசி மழை தொடங்கியதும் கேட்காமலே போன் எடுத்தார். "ஒங்க வரிசையில பதினேழு பட்டுப்போச்சி தம்பி. வேர வெட்டாம வச்சிருக்கீங்க."