அட்ரினல் கட்டிக்கு ஊசி குத்தச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

என் அக்காவுக்குப் போன ஆடி மாதம் நடந்ததை எழுதுகிறேன். ஸ்கேன் சென்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் இதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு பயாப்ஸிக்கு (கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு) பணம் கட்டிவிடலாமா என்று யோசிக்கிறவர் யாராவது இருந்தால், அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அக்காவுக்கு 41 வயது. மூன்று வருஷமாகவே அவளுக்குத் திடீர் திடீரென்று ஒரு தொந்தரவு வரும். விடிகாலையில் குனிந்து கோலம் போடும்போதுதான் அதிகம். புள்ளி வைத்து முடிப்பதற்குள் நெஞ்சு படபடவென்று அடிக்கும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்க்கும். முகம் வெளுத்துப்போய்க் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். டாக்டரிடம் போய்ச் சேரும்போது பிபி சரியாகவே இருக்கும். டென்ஷன் என்றார் ஒருவர். மாதவிலக்கு நிற்கப்போகிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்றார் இன்னொருவர். படபடப்புக்கு என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட நாட்களில் தலைவலி கூடத்தான் செய்தது.

அப்புறம் வயிற்று வலி என்று அல்ட்ராசவுண்ட் எடுத்தபோது, வலது சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி தெரிந்தது. எங்கள் டாக்டர் சிடி ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, "இந்த சென்டர்லயே எடுங்க, வேற இடத்துல எடுத்த ரிப்போர்ட்டை நான் பார்க்க மாட்டேன்" என்றார். அந்த வார்த்தையிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு 7,500 ரூபாய் கட்டினோம். ரசீதில் டிரிபிள் ஃபேஸ், அதாவது மூன்று முறை எடுக்கும் ஸ்கேன், என்று அச்சடித்திருந்தது. உள்ளே போனவள் பத்து நிமிஷத்துக்குள் வெளியே வந்துவிட்டாள். கையில் ஊசி ஏற்றியதும் உடம்பெல்லாம் சூடு பரவியது, ஒரே ஒரு தடவை மூச்சை அடக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான் என்றாள். நல்ல மெஷின் போலிருக்கிறது, சீக்கிரம் முடிந்துவிட்டது என்றுகூட மாமாவும் நானும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. வலது அட்ரினல் சுரப்பியில் 4.6 சென்டிமீட்டர் கட்டி, புற்றுநோயாக இருக்கலாம், பயாப்ஸி எடுக்கவும் என்று இருந்தது. அந்தக் கவுண்டரிலேயே, "இங்கேயே செய்துடலாம், வியாழக்கிழமை டாக்டர் வர்றார், 9,000 ஆகும்" என்றார்கள். புற்றுநோய் என்ற சொல்லைப் படித்த பிறகு யாருக்கு யோசிக்கத் தோன்றும்? கட்டிவிட்டோம்.

அதே ரிப்போர்ட்டில் "பித்தப்பை இயல்பாக உள்ளது, கற்கள் இல்லை" என்று ஒரு வரி இருந்தது. அக்காவுக்குப் பித்தப்பையே கிடையாது. 2014-ல் கல் வந்து ஆபரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது. வயிற்றில் தழும்பு இருக்கிறது. இல்லாத உறுப்பை இயல்பாக இருக்கிறது என்று எழுதியவர் படத்தைப் பார்த்து எழுதவில்லை, ஏற்கெனவே கணினியில் இருக்கும் வரிகளை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிக்கு மட்டும் இரண்டு வரி சேர்த்திருக்கிறார். நான் அந்த வரியைக் கண்டுபிடித்தது எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

வியாழக்கிழமை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே கை நடுங்குகிறது. ரத்தம் உறையும் நேரம் மட்டும் பார்த்தார்கள். வேறு எந்த ரத்தப் பரிசோதனையும் கேட்கவில்லை. குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, பயாப்ஸி ஊசியை உள்ளே விட்டிருக்கிறார்கள். வெளியே பெஞ்சில் இருந்த எங்களுக்கு அவள் "தலை, தலை" என்று கத்தியது கேட்டது. பிபி 230-க்கு 130. மானிட்டரை நானே பார்த்தேன். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். "பயத்துல ஏறிடுச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். ஆம்புலன்ஸ்கூட அவர்கள் கூப்பிடவில்லை, நாங்கள்தான் 108-க்கு அடித்தோம். மூன்று நாள் ஐசியுவில் இருந்தாள். எடுத்த சதை போதவில்லை என்று பயாப்ஸி ரிப்போர்ட் பிறகு வந்தது.

ஐசியுவில் பார்த்த அரசு மருத்துவமனை டாக்டர் பழைய கதை முழுவதையும் உட்கார்ந்து கேட்டார். தலைவலி, வேர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து வந்து போகிறதா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்போதுதான் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற பெயரையே முதல்முறையாகக் கேள்விப்பட்டோம்.

அட்ரினல் சுரப்பி சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் உட்பகுதியில்தான் அட்ரினலின் சுரக்கிறது. அங்கே வளரும் இந்தக் கட்டி அட்ரினலினையும் அதன் உறவுக்காரச் சுரப்புகளையும் கணக்கில்லாமல் ரத்தத்தில் கொட்டும். குனிந்தால் வயிறு அமுங்கும், அமுங்கினால் கொட்டும். கோலம் போடும்போது வந்ததன் காரணம் இதுதான். ஊசியால் குத்தினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு இரண்டிலிருந்து எட்டுப் பேருக்கு வருகிற அபூர்வமான கட்டிதான். ஆனால் அட்ரினலில் கட்டி தெரிந்தால், இது அதுதானா என்று முதலில் ஹார்மோன் பரிசோதனை செய்து பார்க்காமல் ஊசி குத்தக் கூடாது என்பது மருத்துவத்தில் அரிச்சுவடிப் பாடம். படபடப்புக்குக் கொடுத்த, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும், ரத்தக் குழாயை விரிக்கும் ஆல்ஃபா பிளாக்கர் இல்லாமல் தனியாகக் கொடுத்தால் இந்த நோயில் பிபியை ஏற்றிவிடும். யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, ஸ்கேனில் என்ன மோசடி என்பதற்கு வருகிறேன். புது டாக்டர் ஃபிலிமை ஒதுக்கி வைத்துவிட்டு டிஸ்க் கேட்டார். சென்டரில் "டிஸ்க் எல்லாம் தர்றதில்லை, ஃபிலிம் போதும்" என்றார்கள். மூன்று தடவை அலைந்தேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களை நோயாளிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவ கவுன்சில் விதி இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, நகலில் சீல் வைத்துத் தரச் சொன்ன பிறகுதான், ஒரு பழுப்பு உறையில் போட்டு டிஸ்க்கை நீட்டினார்கள்.

ரேடியாலஜி டாக்டர் அதைக் கணினியில் போட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். இடது ஓரத்தில் ஒரே ஒரு சின்னக் கட்டம். "மூணு இருக்கணும் தம்பி, ஒண்ணுதான் இருக்கு" என்றார். படம் எடுப்பாகத் தெரியக் கையில் ஏற்றும் மருந்தை ஏற்றிய பிறகு ஒரு முறை எடுத்த படம் மட்டும். மூன்றுக்குப் பணம் வாங்கிவிட்டு ஒன்று எடுத்திருக்கிறார்கள்.

பணம் போனது பெரிதில்லை. எடுக்காமல் விட்டதில்தான் விஷயமே இருக்கிறது. சிடி ஸ்கேன் ஒவ்வொரு இடத்தின் அடர்த்தியையும் ஓர் எண்ணாகக் கொடுக்கும். தண்ணீருக்குப் பூஜ்யம், கொழுப்புக்கு மைனஸ். ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் என்பார்கள், சிடி ஸ்கேனைக் கண்டுபிடித்து 1979-ல் நோபல் பரிசு பெற்றவரின் பெயர். அட்ரினலில் தற்செயலாகத் தெரியும் கட்டிகளில் பெரும்பாலானவை கொழுப்பு நிறைந்த சாதுவான கட்டிகள். மருந்து ஏற்றாத சாதாப் படத்தில் எண் 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அனேகமாகக் கவலை இல்லை, ஃபியோக்ரோமோசைட்டோமாவாக இருக்க வாய்ப்பும் மிகக் குறைவு. மருந்து ஏற்றிவிட்டால் அனேகமாக எல்லாக் கட்டியின் எண்ணும் ஏறிவிடும், அதை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. அதனால் சாதாப் படம் முதலில் வேண்டும். அட்ரினலுக்கென்று முறையாக எடுத்தால், மருந்து ஏற்றி ஒரு நிமிஷத்திலும், பிறகு பதினைந்து நிமிஷம் கழித்தும் எடுத்து, மருந்து எவ்வளவு வேகமாக வடிகிறது என்றும் பார்ப்பார்கள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்த அக்காவுக்குப் பதினைந்தாவது நிமிஷப் படம் எங்கிருந்து வரும்?

மறுபடி எடுத்தபோது சாதாப் படத்தில் எண் 38. எம்ஆர்ஐயில் ஒரு வகைப் படத்தில் கட்டி மட்டும் பல்பு எரிகிற மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. எல்லா ஃபியோவும் இப்படித் தெரியாது, அக்காவுடையது தெரிந்தது. ஆனால் டாக்டர் படத்தை மட்டும் நம்பவில்லை. அட்ரினலின் உடம்பில் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினை அளக்கும் பரிசோதனைதான் முடிவு சொல்லும் என்றார். 24 மணி நேரச் சிறுநீரை ஒரு கேனில் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்தோம். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அடுத்ததிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை. ரத்தப் பரிசோதனைக்கு அரை மணி நேரம் அசையாமல் படுக்க வைத்துவிட்டு எடுத்தார்கள். உட்கார்ந்து கொடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டுமாம். இரண்டிலுமே சாதாரண அளவைப் போல் பல மடங்கு. வேறு எங்காவது இதே வகைக் கட்டி ஒளிந்திருக்கிறதா என்று கேலியம் ஊசி போட்டு எடுக்கும் பெட் ஸ்கேனும் எடுத்தார்கள். வேறு எங்கும் இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் பிரசோசின் என்ற ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரை. அதோடு உப்பையும் தண்ணீரையும் கூட்டச் சொன்னார்கள். பிபிக்காரிக்கு உப்பா என்று அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. இத்தனை வருஷம் அட்ரினலினில் சுருங்கிக் கிடந்த ரத்தக் குழாய்கள் விரியும்போது உள்ளே நிரம்பத் திரவம் வேண்டும், இல்லாவிட்டால் கட்டியை எடுத்ததும் பிபி தரைக்கு வந்துவிடும் என்று மயக்க மருந்து டாக்டர் அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து சொன்னார். அதன் பிறகு தினமும் அம்மாவே ஊறுகாய் வைத்துக் கொடுத்தாள். புரட்டாசியில் லேப்ராஸ்கோப்பியில் கட்டியை எடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஸ்கேனில் அட்ரினல் கட்டி என்று வந்தால், பயாப்ஸிக்கு ஒத்துக்கொள்ளும் முன் மெட்டாநெஃப்ரின் பார்த்தீர்களா என்று நேராகக் கேளுங்கள். சங்கடப்படாதீர்கள். சாதாப் படத்தில் எண் எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஸ்கேன் எந்தக் கட்டியைத் தேடி எடுத்ததாக இருந்தாலும் டிஸ்க்கை அன்றைக்கே வாங்கிவிடுங்கள், ஃபிலிமை வைத்து எந்த டாக்டரும் அடர்த்தியை அளக்க முடியாது. ரிப்போர்ட்டை வீட்டில் ஒருவர் வரிக்கு வரி படியுங்கள். வயது, வலமா இடமா, ஏற்கெனவே எடுத்த உறுப்பு எதையாவது இருப்பதாக எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். டிரிபிள் ஃபேஸ் என்று அச்சடித்த அந்த ஒரு காகிதமும் ஒரே ஒரு கட்டம் காட்டும் அந்த டிஸ்க்கும்தான் எங்கள் புகாருக்கு ஆதாரம்.

புகாரை மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். தனியார் மருத்துவ நிலையங்களுக்குப் பதிவு கொடுப்பது அவர்கள்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும் என்பதால், அக்கா தேறட்டும் என்று காத்திருந்தோம். சென்டரில் இருந்து ஒருவர் போன் செய்து 9,000 ரூபாயைத் திருப்பித் தருகிறோம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். மாமா வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த நோய் மூன்றில் ஒருவருக்காவது பரம்பரையாக வருவது என்பதால் அக்காவுக்கு மரபணுப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். போன வாரம் ரத்தம் கொடுத்தாள். அது வந்த பிறகுதான் அவள் மகளுக்கும் எனக்கும் பார்க்க வேண்டுமா என்று சொல்வார்கள்.