முறை முடிவது எப்போது? மூன்று கூட்டாட்டங்கள்

எதிராளி உள்ள ஆட்டத்தில் ஒருவர் காலம் தவறிச் சீட்டு இறக்கினால், எதிரே இருப்பவர் உடனே மறுத்துவிடுவார். எல்லாரும் ஒரே அணியாக ஆடும் கூட்டாட்டத்தில் மறுப்பதற்கு ஆளில்லை என்பதால், சந்தேகம் வரும்போதெல்லாம் நமக்கு வசதியான விடையே சரியான விடையாகத் தோன்றும். ஆகவே, சீட்டின் விளைவு எந்தக் கணத்தில் நிகழ்கிறது, முறை எந்தக் கணத்தில் முடிகிறது என்பதை விதிநூல் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அடிக்கடி ஆடப்படும் மூன்று ஆட்டங்கள் இதை மூன்று விதமாகக் கையாள்கின்றன.

மேட் லீகாக் வடிவமைத்து 2008இல் வெளிவந்த பாண்டெமிக், உலகில் பரவும் நான்கு நோய்களுக்கு எல்லாரும் சேர்ந்து மருந்து கண்டுபிடிக்கும் பலகை ஆட்டம். இதில் ஒருவரின் முறை 4 செயல்கள், 2 சீட்டு எடுத்தல், தொற்றுச் சீட்டுகளைத் திருப்புதல் என்ற வரிசையில் செல்லும். நிகழ்வுச் சீட்டை யாருடைய முறையிலும் இறக்கலாம். ஆனால் ஒரு சீட்டைத் திருப்பிய பிறகு, அதன் விளைவு நடந்து முடியும் வரை இறக்கக் கூடாது. சென்ற மாதம் நான் திருப்பிய தொற்றுச் சீட்டு சென்னை. அங்கே ஏற்கெனவே நோயைக் குறிக்கும் 3 கறுப்புக் கட்டைகள் இருந்தன; நான்காவது வைக்க நேர்ந்தால் நோய் அண்டை ஊர்களுக்கெல்லாம் பரவிவிடும். தொற்றுக் கட்டத்தையே தவிர்க்கும் நிகழ்வுச் சீட்டைக் கையில் வைத்திருந்த அண்ணன் மகள், "சித்தப்பா, இதை முன்னாடியே போடணும்னு நினைச்சேன்" என்றாள். நினைத்தது உண்மைதான், ஆனாலும் சீட்டு திரும்பிவிட்டது. மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா ஆகிய ஐந்து ஊர்களுக்கும் நோய் பரவியது. முறைப்பாசனத்தில் மதகை அடைத்த பிறகு, கடைமடைக்கு இன்னும் தண்ணீர் ஏறவில்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்? இந்த விதியின் சிறப்பு, பத்து வயதுக் குழந்தைக்கும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்பதே. முடிவு விதியும் அப்படியே திட்டமானது: எடுக்க வேண்டிய சீட்டு கட்டில் இல்லையென்றால் அந்தக் கணமே தோல்வி, ஆனால் எடுக்கும் கட்டத்துக்கு முன்பே, செயல்களின்போது நான்காவது மருந்தைக் கண்டுபிடித்துவிட்டால் உடனடி வெற்றி.

2016இல் வந்த ஆர்க்காம் ஹாரர் சீட்டாட்டம் இதைவிட நுட்பமானது. "நிகழும்போது" என்று தொடங்கும் விளைவு, நிகழ்ச்சியின் பாதிப்புக்கு முன் செயல்படும். "நிகழ்ந்த பின்" என்பது பாதிப்பு முழுவதும் முடிந்த பிறகே. ஒரே கணத்தில் கட்டாய விளைவும் விருப்ப விளைவும் வந்தால், கட்டாயமானதே முதலில். இரண்டு விளைவுகள் ஒரே நேரத்தில் மோதினால் தலைமை ஆட்டக்காரர் வரிசையை முடிவு செய்வார். அப்படியும் விடை கிடைக்காவிட்டால், ஆட்டக்காரர்களுக்கு மிகவும் பாதகமான வழியை எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்று விதிநூலே கட்டளையிடுகிறது. மறுக்க ஆளில்லாத குறையை இவ்வளவு நேர்மையாக எதிர்கொண்ட வேறு விதியை நான் கண்டதில்லை. இருந்தும், புதிதாக வருபவரை வைத்துக்கொண்டு இதை ஆடினால் பாதிப் பொழுது விதிநூலைப் புரட்டுவதிலேயே போய்விடும்; பழகிய இருவருக்கே இதைப் பரிந்துரைப்பேன். குடும்பமாக உட்கார்ந்தால் எனக்குப் பாண்டெமிக்தான்.

தன் கைச் சீட்டைத் தான் பார்க்காமல், மற்றவர்கள் தரும் குறிப்பை வைத்தே ஆடும் ஆன்டுவான் பௌசாவின் ஹனாபியில் நேரச் சிக்கல் ஏறக்குறைய இல்லை: குறிப்புச் சொல்லலாம், சீட்டைக் கழிக்கலாம், அல்லது இறக்கலாம், ஒரு முறைக்கு ஒன்றே. சந்தேகம் எழுவது கடைசியில்தான். கட்டின் கடைசிச் சீட்டு எடுக்கப்பட்டதும், எடுத்தவர் உட்பட ஒவ்வொருவருக்கும் இன்னும் ஒரு முறை உண்டு. அந்த "உட்பட" பலருக்கும் மறந்துபோவதால், எங்கள் வீட்டில் கடைசிச் சீட்டை எடுத்தவர் முன்னால் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிடுவோம். சுற்றி வந்து அவர் இன்னொரு முறை ஆடிவிட்டுக் கொட்டையை எடுத்ததும் ஆட்டம் முடிந்தது.