பால்வாடியா, 25 சதவீத எல்கேஜியா?

மூத்தவளைக் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில், கல்வி உரிமைச் சட்டப்படி வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிற 25 சதவீத இடத்தில் எல்கேஜி சேர்த்தோம். சின்னவன் ஆத்தங்குடிப் பக்கம் எங்கள் ஊர்ப் பால்வாடிக்குப் போகிறான். என் ஓட்டு பால்வாடிக்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவுக் கணக்கு சுருக்கம். 25 சதவீத இடத்துக்கு எட்டாம் வகுப்பு வரை கட்டணத்தை அரசு கட்டும். நோட்டு, ஆண்டு விழா உடுப்பு என்று கேட்டதெல்லாம் எங்கள் கையிலிருந்து போனது. வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அப்போது டவுனில் வாடகைக்கு இருந்ததால் இடம் கிடைத்தது.

படிப்பில் மூத்தவள் முந்தி. மூன்றரை வயதில் நாலு கோடு நோட்டில் ஏபிசிடி எழுதினாள். சின்னவன் தரையில் சாக்பீஸால் போட்ட 'அ' மேல் புளியங்கொட்டை அடுக்குகிறான். ஒன்றாம் வகுப்பில் இவன் எப்படி இருப்பான் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

என் மனதை மாற்றியது மத்தியானம்தான். எல்கேஜியைப் பன்னிரண்டரைக்கு விட்டுவிடுவார்கள். நான் டைல்ஸ் பட்டறையில் கணக்கு எழுதுகிறவள். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, பிள்ளை பின்னால் ஓட முடியாது. தினமும் பெர்மிஷன் கேட்டுக் கேட்டு, கடைசியில் முதலாளி முகத்தைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது. பால்வாடியில் மத்தியானச் சோறு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, அப்புறம் பாயில் தூக்கம். மூன்றரைக்குப் போனால் போதும். வீட்டில் முட்டை என்றாலே வாயை மூடிக்கொள்கிறவன், அங்கே பக்கத்துப் பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே முழுசையும் தின்கிறானாம்.

குறையும் உண்டு. இருப்பது ஒரு டீச்சர், ஒரு ஆயா. (எங்கள் பக்கம் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். சின்னவன் இவரையும் உறவென்று நினைத்து வீட்டுக்கு வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கிறான்.) கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் என்று டீச்சர் வெளியே போகிற நாளில் சமையலும் பிள்ளைகளும் ஆயா தலையில்தான். பக்கத்து ஊர் மையத்துக்கும் அதே டீச்சர் பொறுப்பு என்றால் நிலைமை இன்னும் மோசம். எங்களுக்கே ஆறு மாதம் அப்படி ஓடியது. பாட்டும் கதையும் நின்று, வெறும் சோறும் தூக்கமும்தான்.

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகத்து அங்கன்வாடிகள் 2,381-இல் அரசே எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. எங்கள் ஊரில் இருப்பது தொடக்கப்பள்ளிதான், அதனால் அந்த அனுபவம் எனக்கில்லை.

சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் பதினொரு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். டீச்சர் இருக்கிறாரா, பக்கத்து ஊருக்கும் அவர்தான் பொறுப்பா என்று ஆயாவிடம் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.