ஷிப்ட் போடும் மென்பொருள்: ஓய்வு விதிகள் எப்படி?

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் டூட்டி சார்ட் போடுவது என் வேலை. எக்செல்லை விட்டுவிட்டு இப்போது ரோஸ்டர் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துகிறோம்.

இடைவேளை விதி சுலபம். 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்த கணக்கு. அந்த எண்களைக் கொடுத்தால் போதும், மீறும் ஷிப்ட் சிவப்பாகிவிடும்.

ஒருவருக்கு அடுத்தடுத்து எத்தனை ஷிப்ட் போடலாம் என்ற தொடர் ஷிப்ட் வரம்பில்தான் எனக்குக் கோபம். மாதம் பிறந்ததும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது! 26ஆம் தேதியிலிருந்து நைட் பார்த்தவருக்கு 1ஆம் தேதியும் நைட் விழுகிறது. சப்போர்ட்டில் கேட்டால், முந்தைய மாதத்தையும் சேர்த்து எண்ண ஒரு டிக் இருக்கிறது என்றார்கள். அது முதலிலேயே ஆனில் இருக்க வேண்டாமா?

இரண்டு ஷிப்டுக்கு நடுவிலான இடைவெளியைத் தனி விதியாக வையுங்கள். இரவு 10 மணிக்கு முடித்தவரைக் காலை 6 மணிக்கு அழைத்தால் கையில் 8 மணி நேரம்தான். பஸ், குளியல், சாப்பாடு போகத் தூக்கம் எங்கே? நான் 12 வைத்திருக்கிறேன். அப்புறம், ‘எச்சரிக்கை’ போதாது, ‘தடை’ என்றே வையுங்கள். ஆள் குறைந்த அன்று எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.