ஆப்தமித்ரா பை: ஏற்காடு மலைக்குப் போதுமா?

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்தமித்ரா திட்டத்தில் 12 நாள் பயிற்சி முடித்த தன்னார்வலர்களுக்கு ஒரு அவசரகாலப் பை தந்திருக்கிறார்கள். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், கம்பூட் என்கிற ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, கையுறை, சோலார் டார்ச், முதலுதவிப் பெட்டி, விசில், கத்தி, கொசுவலை என்று உள்ளே நிறையவே இருக்கிறது. மேட்டூர், பூலாம்பட்டி மாதிரி காவிரி ஓரத்து ஊர்களுக்கு இது கச்சிதமான பை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வேலை வேறு. அங்கே வருவது மண்சரிவு, சாலையில் விழுந்த மரம், பத்தடி தள்ளி எதுவும் தெரியாத பனிமூட்டம்.

இந்தப் பையை நம்பித்தான் முதல் சில மணி நேரம் ஓட வேண்டும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். அங்கிருந்து சேலம் வந்து மலையேற ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். ராணுவத்தின் பகுதிநேரப் பிரிவான டெரிடோரியல் ஆர்மியின் 110-வது மெட்ராஸ் பட்டாலியன் கோவையில், கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ராணுவம் தானாகக் கிளம்பி வராது. ஆட்சியரோ மாநில அரசோ கோரிக்கை வைக்க வேண்டும். வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் மலை சரிந்தது. ராணுவப் பொறியாளர்களான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் இரவு பகலாக உழைத்துச் சூரல்மலையில் 190 அடி பெய்லி பாலத்தை, அதாவது இரும்புத் துண்டுகளைக் கோத்துக் கட்டும் தற்காலிகப் பாலத்தை, முடித்தது ஆகஸ்ட் 1 மாலை. அசாத்தியமான வேகம், சந்தேகமே இல்லை. அப்படியும் மூன்றாம் நாள் ஆகிவிட்டது.

பைக்குள் நம்பிக்கை தருவது ஹெல்மெட். ஒன்றே ஒன்று பாருங்கள்: தாடைப் பட்டையைப் பூட்டிக்கொண்டு நன்றாகக் குனிந்து தலையை உதறுங்கள். கழன்றால் அது சரிவில் உதவாது, பட்டையை மாற்றுங்கள். கம்பூட் தேங்கிய தண்ணீருக்கு நல்லது. காபித் தோட்டத்து ஈரச் சரிவில் குதிகால் உள்ளே நழுவும், கணுக்காலுக்குப் பிடிமானம் இருக்காது. ஓடையில் இறங்கினாலோ தண்ணீர் நிரம்பிக் காலை இழுக்கும். மலைக்குக் கணுக்கால் மூடிய, அடியில் ஆழமான பல் வெட்டிய ஷூதான் சரி.

சோலார் டார்ச்தான் ஏமாற்றம். வடகிழக்குப் பருவமழையில் ஏற்காட்டில் நாள் கணக்கில் வெயிலே வராது, பைக்குள் கிடக்கும் பேட்டரியும் தானாக இறங்கிவிடும். மாதம் ஒருமுறை வீட்டுக் கரண்டில் ஏற்றி வையுங்கள். கூடவே தலையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும்.

விசில் சின்னப் பொருள், உயிர் காக்கும் பொருள். சர்வதேச மீட்புக் குழுக்களின் சைகை இதுதான்: மூன்று குறு ஊதல் என்றால் உடனே வெளியேறு, ஒரு நீள ஊதல் என்றால் வேலையை நிறுத்தி அமைதியாக இரு, ஒரு நீளம், ஒரு குறு என்றால் மறுபடி தொடங்கு. மண்சரிவில் தோண்டும்போது ஒருவர் மண்வெட்டியைத் தொடாமல் மேட்டையே பார்த்து நிற்க வேண்டும், விசில் அவர் வாயில் இருக்க வேண்டும். முதல் சரிவில் தப்பியவர்களை, உதவிக்குப் போனவர்களோடு சேர்த்து இரண்டாம் சரிவு கொண்டுபோய்விடும். ஓடை திடீரென்று கலங்கினாலோ, மழை விடாமலே தண்ணீர் குறைந்தாலோ காரணம் தேட வேண்டாம், ஊதிவிட்டு ஓடுங்கள்.

கைவாள் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டுப் பருமன் வரையான கிளைகளை அதை வைத்து ஒதுக்கலாம். வளைந்து அழுத்தத்தில் கிடக்கும் சில்வர் ஓக் தண்டைப் பயிற்சி இல்லாமல் தொடக்கூடாது. இழுபட்டு நிற்கும் பக்கத்தை முதலில் அறுத்தால் மரம் பிளந்து முகத்தில் அடிக்கும். மின்கம்பி மரத்தோடு விழுந்திருந்தால், வாரியத்து ஆள் வந்து லைன் நிறுத்தியதை உறுதிசெய்யும் வரை கிட்டப் போகவே கூடாது. கயிறும் வேண்டும், ஆனால் சேலம் ஹார்டுவேர் கடை நைலான் கயிறு கிளையை இழுக்க, சாலையை மறித்துக் கட்ட மட்டுமே. ஆளை இறக்கும் கயிறு வேறு, அது பயிற்சி பெற்றவர் கையில்தான் இருக்க வேண்டும்.

பையில் யாரும் நினைக்காத பொருள் நோட்டும் பென்சிலும். ஈரத் தாளில் பேனா எழுதாது. படை வந்து இறங்கியதும் தலைமை அதிகாரி கேட்பது இவைதான்: எத்தனை பேரைக் காணவில்லை, கடைசியாக எங்கே பார்த்தார்கள், வண்டி எதுவரை போகும், வேறு பாதை உண்டா. "கோயிலுக்குக் கொஞ்சம் மேலே" என்று சொன்னால் வெளியூர்க்காரருக்கு என்ன புரியும்? மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். குப்பனூர் பாதை திறந்திருக்கிறதா, நாகலூர், வாழவந்தி பக்கத்துத் தோட்டப் பாதையில் ஜீப் ஏறுமா என்பதை, பார்த்த நேரத்தோடு குறித்துக் கொடுங்கள். கொடுத்த பிறகு உத்தரவு அவருடையது. ஊர் ஆட்கள் தனித்தனியாகத் தேடப் போனால், அவர்களையும் தேட வேண்டி வரும். ஊரில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் இருந்தால் அவரையே ஊருக்கும் படைக்கும் நடுவே தொடர்பாளராக வையுங்கள், இரு தரப்புப் பேச்சும் அவருக்குப் புரியும்.

முதலுதவிப் பெட்டியில் காயம் கட்டும் காஸ் துணியை இரண்டு மடங்காக்கி, மருந்துகளின் காலாவதித் தேதியைச் செப்டம்பரிலேயே பார்த்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐப் பையின் மூடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.