மீன் குளத்துக்கு புரோபயாடிக் பொடி: ஓராண்டு பயன்படுத்திய பிறகு

காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் 40 சென்ட் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து வளர்க்கிறோம். முந்தைய மார்கழிப் பனியில், செதில்களின் அடியில் இரத்தச் சிவப்புப் புள்ளிகளோடும் ஊதிய வயிற்றோடும் மீன்கள் கரையோரம் ஒதுங்கத் தொடங்கின. பரிசோதனையில் அது ஏரோமோனாஸ் பாக்டீரியா தொற்று என்று தெரிந்தது. அதன் பிறகே பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற இரண்டு நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் கலந்த புரோபயாடிக் பொடியை வாங்கினேன்.

முதலில் வாங்கிய பொட்டலத்தில் ஒரு கிராமுக்கு எத்தனை உயிருள்ள பாக்டீரியா என்ற விவரமே இல்லை. குளத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. எண்ணிக்கையும் காலாவதித் தேதியும் தெளிவாக அச்சிட்ட வேறொரு தயாரிப்புக்கு மாறிய பிறகுதான் பலன் கிடைத்தது. முன்பு அடிச்சேற்றைக் கையில் அள்ளினால் கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். மூன்றாம் மாதத்தில் அதே இடத்துச் சேறு பழுப்பாக மாறி, நாற்றமும் வெகுவாகக் குறைந்திருந்தது. மிஞ்சிய தீவனத்தையும் கழிவையும் பேசில்லஸ் சிதைத்துவிடுவதோடு, நோய்க்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களையும் சுரப்பதால், ஏரோமோனாஸுக்கு இரையும் இடமும் குறைகின்றன. மீனின் குடலிலும் இந்தப் போட்டி நடக்க வேண்டும் என்பதற்காக, கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்த தீவனத்தில் பொடியைக் கஞ்சியோடு பிசைந்து, நிழலில் உலர்த்திக் கொடுக்கிறேன்.

இந்த பாக்டீரியா வேலை செய்யும்போது நீரிலுள்ள ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். மேகமூட்டமான ஒரு மாலையில் கரைத்து ஊற்றிவிட்டேன். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தபடி தவித்ததைக் கண்டு பதறிப்போய், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓடவிட்டேன். இப்போது நல்ல வெயில் ஏறிய பிறகே ஊற்றுகிறேன். பிளீச்சிங் பவுடரோ பெர்மாங்கனேட்டோ போட்ட நாள்களில் இதைச் சேர்ப்பது வீண், ஏனெனில் அவை நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

ஏற்கெனவே புண் வைத்த மீன்களை இது காப்பாற்றவில்லை. அவற்றை எடுத்துச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். ஆனாலும், மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்ட குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்தில் கலக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டிய நிலை எங்களுக்கு வரவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. இந்த மார்கழியில் சில மீன்களில் மட்டுமே புள்ளிகள் தெரிந்தன. குஞ்சுகளின் எண்ணிக்கையையும் குறைத்திருந்தேன் என்பதால், முழுப் பெருமையையும் பொடிக்கே கொடுப்பது முறையல்ல. அடுத்த முறையும் இதையே வாங்குவேன், ஆனால் அறுவடைக்குப் பின் குளத்தைக் காயவிட்டுச் சுண்ணாம்பு இடும் வேலையை இதற்காகக் கைவிட மாட்டேன்.