72 விளக்குகளா, 10,000 விளக்குகளா? இரு ஐபேட் புரோ திரைகள்

12.9 அங்குல ஐபேட் புரோவின் 2020, 2021 மாடல்களில் பிக்சல் எண்ணிக்கை ஒன்றேதான்: 2732-க்கு 2048. மாறியது பின்னொளி, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்குகள்.

பழையதில் 72 எல்இடி விளக்குகள் திரை முழுவதையும் ஒரே சீராக ஒளியூட்டுகின்றன. இரவுக் காட்சியிலும் அவை அணைவதில்லை. அவற்றின் முன்னே படத்தை உருவாக்கும் எல்சிடி அடுக்கு அந்த ஒளியை முற்றிலும் மறைக்க இயலாததால், கறுப்பு சாம்பல் பூத்துத் தெரிகிறது. உச்ச வெளிச்சம் 600 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு).

புதியதில் 10,000-க்கும் மேற்பட்ட மினி எல்இடிகள், 2,596 மண்டலங்களாகப் பிரிந்து தனித்தனியே மங்கவும் ஒளிரவும் செய்கின்றன. வானம் இருண்டிருக்க, நிலா மட்டும் பளிச்சிடும். இருளுக்கும் ஒளிக்கும் இடையே கூடுதல் வீச்சு கொண்ட எச்டிஆர் படங்களில் உச்சம் 1,600 நிட்ஸ். குறையும் உண்டு: ஒரு மண்டலத்துக்குள் ஆயிரக்கணக்கான பிக்சல்கள் அடங்குவதால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் படர்கிறது. இருட்டறையில் சப்டைட்டில் படிப்பவர்களுக்கு இது உறுத்தும். தடிமனும் 5.9 மில்லிமீட்டரிலிருந்து 6.4 ஆனது.

படம் பார்ப்பதற்கும் புகைப்படம் திருத்துவதற்கும் 2021 மாடலையே எடுப்பேன். மின்னஞ்சல், பாடநூல் என்றால் பழையதே தாராளம். வெள்ளைப் பக்கத்தில் மண்டலங்களுக்கு என்ன வேலை? 2024-இல் ஆப்பிளே ஐபேட் புரோவில் பின்னொளியைக் கைவிட்டு, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடிக்குச் சென்றுவிட்டது.